எண் வந்துவிட்டது, செய்தி வரவில்லை

1950 ஆகஸ்ட் 15. திபெத்தின் தென்கிழக்கு மூலையில், லோஹித் ஆற்றங்கரையில், ரீமா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம். பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஃபிராங்க் கிங்டன் வார்டும் அவர் மனைவி ஜீனும் அதில் தங்கியிருந்தார்கள். செடிகளும் விதைகளும் சேகரிக்க வந்தவர்கள். இந்திய நேரப்படி இரவு 7.39க்குத் தரை ஆடத் தொடங்கியது. வெளியே ஓடிவந்தவர்களால் நிற்க முடியவில்லை. தரையோடு தரையாகக் கிடந்தார்கள். ஆட்டம் தணிந்த பிறகு வானத்திலிருந்து வெடிச்சத்தம் கேட்டது, சீரான இடைவெளியில், பீரங்கிக் குண்டுகள் வெடிப்பதுபோல. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலும் பலர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். பொழுது விடிந்தபோது சுற்றியிருந்த மலைகள் தோலுரிந்து நின்றன. காற்றெல்லாம் புழுதி.

அன்று நார்வேயின் ஏரிகளிலும், மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் ஃபியோர்டு என்ற கடல்கழிகளிலும் தண்ணீர் தளும்பியது. இங்கிலாந்தில் மூன்று நீர்த்தேக்கங்களிலாவது அதே தளும்பல் பதிவாகியிருக்கிறது. நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது தண்ணீர் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போய்வருமே, அப்படி. ஆசியாவின் நடுமலையில் கிளம்பிய அலை, பூமியின் மேலோட்டைத் தடவிக்கொண்டு பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்துபோய் அந்த நீரை அசைத்தது.

நிலம் நடுங்கிய சேதி ஐரோப்பாவின் கருவிகளுக்குச் சில நிமிடங்களில் போய்ச்சேர்ந்துவிட்டது. ரீமாவுக்குத் தெற்கேயும் மேற்கேயும், இன்றைய அருணாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் அபோர் மலைகளில் எத்தனை ஊர்கள் இல்லாமல் போயின என்ற சேதி வெளியே வரப் பல நாட்கள் ஆயின. தொலைதூரத்தில் நடக்கும் எந்தப் பெரிய நிலநடுக்கத்தைப் பற்றிப் படித்தாலும் இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். பூமி எவ்வளவு ஆடியது என்பது உடனே தெரிந்துவிடும். அங்கே என்ன ஆயிற்று என்பது நடந்துதான் வரும்.

எண் எதைச் சொல்கிறது

1950 நிலநடுக்கத்தின் அளவு 8.6. கருவிகள் பதிவுசெய்தவற்றில், நிலப்பரப்புக்கு அடியில் நிகழ்ந்த நிலநடுக்கங்களில் இதுவே மிகப்பெரியது. இதைவிடப் பெரியவை எல்லாம் கடலோர ஆழ்பள்ளங்களை ஒட்டி நடந்தவை.

செய்திகள் இன்னமும் 'ரிக்டர் அளவுகோலில்' என்றே எழுதுகின்றன. சார்ல்ஸ் ரிக்டர் 1935இல் அந்த அளவுகோலை உருவாக்கியது தெற்குக் கலிபோர்னியாவின் நிலநடுக்கங்களுக்காக, அங்கிருந்த ஒரு குறிப்பிட்ட வகைக் கருவிக்காக. மிகப் பெரிய நிலநடுக்கங்கள் வரும்போது அந்த முறை திணறும். எவ்வளவு பெரியதாக இருந்தாலும் எண் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். 1964 அலாஸ்கா நிலநடுக்கத்தைப் பழைய முறைகளில் அளந்தபோது எட்டரையைக்கூடத் தொடவில்லை. இன்று அது 9.2. இப்போது எல்லோரும் பயன்படுத்துவது நிலநடுக்கவியலாளர்கள் ஹாங்க்ஸும் கனமோரியும் 1979இல் கொடுத்த மொமென்ட் அளவு. அதன் கணக்கு எளிமையானது. பூமிக்குள் பாறை எவ்வளவு பரப்பில் பிளந்தது, பிளந்த இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று எவ்வளவு தூரம் உரசி நகர்ந்தன, அந்தப் பாறை எவ்வளவு விறைப்பானது. மூன்றையும் பெருக்கினால் கிடைப்பதைச் சிறிய எண்ணாகச் சுருக்கிச் சொல்வதுதான் 7.8, 8.6 எல்லாம்.

சுருக்குவதில்தான் ஏமாந்துபோகிறோம். எண் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும், இரண்டு கூடினால் ஆயிரம் மடங்கு. 6.0க்கும் 8.6க்கும் நடுவில் இருப்பது ஏறத்தாழ எட்டாயிரம் மடங்கு வித்தியாசம். காகிதத்தில் அது வெறும் 2.6.

பரப்பு என்று சொன்னேனே, அதைக் கண்ணால் பார்க்கக் கிடைத்த இடம் ஒன்று உண்டு. 2001 நவம்பர் 14 அன்று திபெத்தியப் பீடபூமியின் வடக்கில், குன்லுன் மலைத்தொடரை ஒட்டியிருக்கும் கோக்கோஷிலியில் 7.8 அளவில் நிலம் நடுங்கியது. பூமி கிழிந்த கோடு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நீளம். உறைந்த சமவெளியைக் குறுக்கே வெட்டி, பனியாறுகளைப் பிளந்து, சில இடங்களில் தரையைப் பக்கவாட்டில் பல மீட்டர் நகர்த்திவிட்டுப் போயிருக்கிறது. பிளவு ஓடிய வேகம் சில பகுதிகளில் பாறைக்குள் குறுக்கலை (தரையைப் பக்கவாட்டில் உலுக்கிச் செல்லும் அதிர்வலை) செல்லும் வேகத்தையே மிஞ்சியது. இதில் ஒருவர்கூட இறக்கவில்லை. கடல்மட்டத்திலிருந்து நாலாயிரம் மீட்டருக்கு மேல், ஊர் என்று சொல்ல எதுவுமில்லாத வெளி அது.

இதற்கு நேர்மாறான கதை 2025 ஆகஸ்ட் 31 நள்ளிரவை ஒட்டி ஆப்கானிஸ்தானின் குனார் மாகாணத்தில் நடந்தது. அளவு 6.0. பெரிய நிலநடுக்கங்களின் பட்டியலில் இடமே பெறாத எண். இறந்தவர்கள் 2,200 பேர். 1950இன் 8.6 அஸ்ஸாம் பக்கம் கொன்றது சுமார் 1,500 பேரை. எட்டாயிரம் மடங்கு சிறிய நிலநடுக்கம் அந்த அஸ்ஸாம் கணக்கைவிட அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இதை யாராலும் விளக்க முடியாது.

மேளத்தை எவ்வளவு ஓங்கி அடித்தார்கள் என்பது ஒன்று, அது உங்கள் காதில் எப்படி விழுந்தது என்பது இன்னொன்று. அடித்தது அளவு, காதில் விழுந்தது செறிவு. செறிவுக்கென்று மெர்கல்லி அளவுகோல் போல வேறு அளவுகோல்கள் இருக்கின்றன. பன்னிரண்டு படிகள் கொண்டவை. பாத்திரம் கிணுகிணுத்ததா, சுவரில் விரிசல் விட்டதா, கட்டடம் சரிந்ததா என்று மனிதர்கள் பார்த்துச் சொல்வதை வைத்தே படி தீர்மானமாகும். ஆளில்லாத மலையில் கிணுகிணுக்கப் பாத்திரம் ஏது? அதனால் அந்தப் பகுதி செறிவு வரைபடத்தில் வெற்றிடமாகவே நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது 'அங்கே ஒன்றுமில்லை' என்று படும். மரம் முறிந்தது, சரிவு விழுந்தது, ஊற்று வற்றியது போன்ற இயற்கைத் தடயங்களை மட்டும் வைத்துச் செறிவைக் கணிக்கும் அளவுகோல் ஒன்றை 2007இல்தான் ஆய்வாளர்கள் முறைப்படுத்தினார்கள்.

ஆழமும் வீடும் நேரமும்

ஒரே அளவுள்ள இரண்டு நிலநடுக்கங்களில் ஒன்று ஊரை அழிப்பதற்கும் மற்றது கண்ணாடியைக்கூட உடைக்காமல் போவதற்கும் முதல் காரணம் ஆழம். 2013 மே 24 அன்று ஒகோட்ஸ்க் கடலுக்கு அடியில் 8.3 அளவில் ஒரு நிலநடுக்கம். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மாஸ்கோவில் அடுக்குமாடிகளில் இருந்தவர்கள்கூட அதை உணர்ந்தார்கள். குறிப்பிடும்படி சேதம் எங்கும் இல்லை, ஏனென்றால் அது நடந்தது 600 கிலோமீட்டர் ஆழத்தில். குனாரில் ஆழம் எட்டு கிலோமீட்டர்தான். வீட்டுத் தரைக்கு அடியிலேயே நடந்ததுபோல.

அடுத்தது வீடு. கிழக்கு ஆப்கானிஸ்தானின் மலைவீடுகள் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியவை. மேலே மர உத்தரங்கள், அவற்றின் மேல் சுள்ளியும் பாயும், அதற்கும் மேலே கனமான மண் பூச்சு. மழையில் கூரை கரையக் கரைய மேலும் மேலும் மண் போட்டு மெழுகுவார்கள். வருடம் ஏற ஏறக் கூரையின் எடையும் ஏறிக்கொண்டே போகும். குளிர் தாங்கவும் வெயில் தாங்கவும் இதைவிட நல்ல வீடு அந்த மலையில் கிடையாது. கையில் இருப்பதும் அந்தக் கல்லும் மண்ணும்தான். பக்கவாட்டில் ஒரு உலுக்கு உலுக்கினால் சுவர் வெளிப்பக்கம் விரிந்து கூரை நேராக இறங்கிவிடும். காங்கிரீட் கட்டடம் இடிந்தால் பலகைகளுக்கு நடுவில் ஆள் முடங்கிக் கிடக்கும் அளவுக்குப் பொந்துகள் மிஞ்சும், இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட உயிரோடு மீட்கிறார்கள். மண்வீடு இடிந்தால் பொந்து மிஞ்சாது. மண் எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்ளும், புழுதி மூச்சை அடைத்துவிடும். மீட்புக்கு இருக்கும் நேரம் நாட்கணக்கு இல்லை, மணிக்கணக்கு. தொலைதூர ஊரில் அந்த மணிக்கணக்குக்குள் வந்து சேரக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமே, அவர் வீடு நின்றிருந்தால்.

நேரமும் சேர்ந்துகொள்கிறது. குனாரில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 2022 ஜூன் 22 அன்று அதே நாட்டின் பக்திகாவில் நடந்ததும் இரவு ஒன்றரை மணி வாக்கில்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் நாள் அதற்கு 6.1 என்றும் 5.9 என்றும் இரண்டு எண்கள் உலவின, எது சரி என்று கேட்டவர்களும் இருந்தார்கள். இடிபாட்டுக்குள் இருப்பவருக்கு அந்த வித்தியாசத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. நேபாளத்தின் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் 7.8, நேரம் சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன். மலையூர்களில் பெரியவர்கள் வயலில் இருந்தார்கள், பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. பல்லாயிரம் வகுப்பறைகள் இடிந்தன, அவற்றில் பிள்ளைகள் இல்லை.

1950இல் அபோர் மலைகளிலும் அஸ்ஸாம் சமவெளியிலும் பெரும்பாலான வீடுகள் மூங்கிலும் மரமும் நாணலும். தூண்களின் மேல் நிற்கும் இலேசான வீடு ஆடும், சாயும், விழுந்தாலும் ஆளை நசுக்காது. அப்படியிருந்தும் அபோர் மலைகளில் சுமார் 70 ஊர்கள் அழிந்தன. அழித்தது கூரை இல்லை, மலை.

மலை இறங்கி வரும்போது

செங்குத்தான மலைப்பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தால் ஆட்டத்தைவிடப் பெரிய கேடு சரிவுகள்தான். மழைக்காலமாக இருந்தால் இன்னும் மோசம், மண் ஏற்கெனவே நீர் குடித்துக் கனத்திருக்கும். 1950 ஆகஸ்ட் நட்ட நடு மழைக்காலம். 2015இல் நேபாளத்தின் லாங்டாங் கிராமத்தின் மேல் பனியும் பாறையும் கலந்து விழுந்தபோது, அது நேரடியாகப் புதைத்தவர்கள் போக, விழுந்த வேகத்தில் கிளம்பிய காற்று பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்க மரங்களையும் சாய்த்துப் போட்டது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் அந்த ஓரிடத்தில் இறந்தார்கள். ஊரில் தப்பி நின்ற வீடு, ஒரு பாறையின் அணைப்பில் இருந்த ஒன்றே ஒன்று.

சரிவு ஆற்றில் விழுந்தால் கதை அன்றோடு முடியாது. 1950இல் மலைகள் சரிந்து பிரம்மபுத்திராவின் துணையாறுகள் பலவற்றை அடைத்துக்கொண்டன. ஆறு வழக்கமாக ஓடும் இடத்தில் தண்ணீர் குறைந்தால் கீழே இருப்பவர்களுக்கு அதுதான் எச்சரிக்கை, மேலே எங்கோ தேங்குகிறது என்று பொருள். திபாங் பள்ளத்தாக்கில் அப்படி உருவான அணை ஒன்று கேடு செய்யாமல் உடைந்தது. சுபன்சிரியில் உருவானது எட்டு நாள் தாங்கியது. எட்டாம் நாள் உடைந்தபோது ஏழு மீட்டர் உயர நீர்ச்சுவர் கீழே இறங்கி ஊர்களை வாரிக்கொண்டு போனது. 532 பேர். அஸ்ஸாம் பக்கம் அந்த நிலநடுக்கத்தில் இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், தரை ஆடி ஒரு வாரம் கழித்து, ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த நேரத்தில் இறந்தவர்கள்.

இதையே 2008இல் சீனாவில் நடந்ததோடு வைத்துப் பார்க்கலாம். மே 12 வென்சுவான் நிலநடுக்கம் டாங்ஜியாஷான் என்ற இடத்தில் மலையைச் சரித்து ஆற்றை மறித்தது. சாலையெல்லாம் போய்விட்டதால் மண்வெட்டும் இயந்திரங்களைப் பெரிய ஹெலிகாப்டர்களில் தூக்கிக்கொண்டு போய் அணையின் மேல் இறக்கினார்கள். ராணுவத்தினர் இரவும் பகலும் ஒரு கால்வாய் வெட்டினார்கள். கீழே இருந்த இரண்டரை லட்சம் பேரை மேட்டுக்கு நகர்த்தினார்கள். ஜூன் 10 அன்று தேங்கிய நீர் அந்தக் கால்வாய் வழியே பாய்ந்து வெளியேறியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆற்றில் நீர் குறைந்திருக்கிறது என்று யாராவது பார்த்து, அதைச் செய்யக்கூடியவர்களிடம் சொல்லி, அவர்கள் வந்து சேரவும் நாள் இருந்தால் இது நடக்கும்.

ஆனால் சரிந்த மண் எங்கும் போய்விடுவதில்லை. வென்சுவானில் நிலநடுக்கத்தில் தளர்ந்து நின்ற சரிவுகள் இரண்டு ஆண்டு கழித்து, 2010 ஆகஸ்ட் கனமழையில், சேற்றுவெள்ளமாக இறங்கின. புதிதாகக் கட்டிய வீடுகளுக்குள்ளேயே புகுந்தன. 1950இன் மண் இன்னும் நெடுங்காலம் பயணப்பட்டது. அருணாச்சல மலைகளிலிருந்து உதிர்ந்த கற்பனைக்கெட்டாத அளவு பாறையும் மணலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது. மேல் அஸ்ஸாமில் பிரம்மபுத்திராவின் படுகை பல அடி உயர்ந்தது. படுகை உயர்ந்த ஆறு ஆழமாக ஓட முடியாமல் அகலமாக ஓடத் தொடங்கும், கரையை அரிக்கும். திப்ருகர் நகரத்தின் ஒரு பகுதியை ஆறு தின்றது. இன்று நகரம் கரைக்குப் பின்னால் ஒதுங்கி இருக்கிறது. பழைய சதியா நகரம் ஆற்றோடு போய்விட்டது. அந்தக் கரைகளில் நிலம் இழந்த எத்தனையோ குடும்பங்களின் பெயர் எந்த நிலநடுக்கப் பலியெண்ணிக்கையிலும் சேரவில்லை, சேர்க்கும் வழக்கமும் இல்லை. சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அமைதியை எப்படிப் படிப்பது

பெரிய நிலநடுக்கம் முடிந்து முதல் சில மணி நேரங்களில் செய்தி எங்கிருந்து வருகிறது என்று கவனித்தால் ஒன்று புரியும். மின்சாரமும் தொலைபேசிக் கோபுரமும் நின்றுபோகாத இடத்திலிருந்துதான் வரும். அதாவது சேதம் குறைந்த இடத்திலிருந்து. 2015இல் முதலில் உலகம் பார்த்தது காத்மாண்டுவின் இடிந்த கோபுரத்தையும் கோவில்களையும். மையத்தை ஒட்டியிருந்த கோர்க்கா மாவட்டத்து ஊர்கள் எப்படி இருக்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. 2018 பிப்ரவரி 26 அதிகாலை பப்புவா நியூகினியின் மலைநாட்டில், ஹேலா மாகாணத்தை மையமாகக் கொண்டு 7.5 அளவில் நிலம் நடுங்கியபோதும் அப்படித்தான். அங்கிருந்த எரிவாயு ஆலை மூடப்பட்டது என்ற தகவல் உடனே வெளிவந்தது. காட்டுக்குள் சிதறிக் கிடந்த ஊர்களில் சரிவுகள் எத்தனை பேரைப் புதைத்தன என்பது சிறுகச் சிறுகத்தான் சேர்ந்தது. நூற்றுக்கும் மேல் போயிற்று.

குனாரில் எண்ணிக்கை எப்படி ஏறியது என்று பாருங்கள். முதல் நாள் 800. மறுநாள் 1,400. நான்காம் நாள் 2,200. யாரும் பொய் சொல்லவில்லை. சரிவுகள் சாலைகளை மூடியிருந்தன, ஹெலிகாப்டர் இறங்க இடமில்லாத ஊர்களுக்கு வீரர்களை வானிலிருந்து இறக்க வேண்டியிருந்தது, மற்ற இடங்களுக்கு மணிக்கணக்கில் நடந்து போனார்கள். போய்ச்சேர்ந்த ஊர்களின் கணக்குதான் ஒவ்வொரு நாளும் கூடியது. முதல் நாள் எண்ணைப் பார்த்து 'பரவாயில்லை' என்று திரும்பிக்கொண்ட உலகம், நான்காம் நாள் எண்ணைப் பார்த்தபோது அதே அக்கறையோடு திரும்பவில்லை. இது எனக்கு வலிக்கிறது. உதவிப் பணமும் கூடாரமும் கவனம் இருக்கும் நாட்களில்தான் புறப்படும்.

இந்த இடைவெளியைச் சுருக்கக் கருவிகள் வந்திருக்கின்றன. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் நிலநடுக்கம் நடந்த அரை மணி நேரத்துக்குள், எவ்வளவு பேர் எவ்வளவு செறிவான ஆட்டத்துக்கு ஆளாகியிருப்பார்கள் என்று கணித்துப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறமிட்டு வெளியிடுகிறது. அளவு, ஆழம், அங்குள்ள மக்கள்தொகை, அந்த நாட்டு வீடுகள் முன்பு எப்படித் தாங்கின என்பதெல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. ஆள் போய்ச்சேரும் முன்பே மீட்புக் குழுவைக் கிளப்ப இது போதும். ஐரோப்பாவின் சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்கின்றன. நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் தரை எங்கே எத்தனை சென்டிமீட்டர் எழும்பியது, நகர்ந்தது என்பது வண்ணப் பட்டைகளாகத் தெரியும். புதிதாக விழுந்த சரிவும், ஆற்றின் குறுக்கே தேங்கும் நீரும் தெரியும். ஆனால் செயற்கைக்கோள் அந்த இடத்தின் மேல் வரச் சில நாட்கள் ஆகலாம். மண்வீட்டுக்குள் மூச்சு முட்டுபவருக்கு அந்த நாட்கள் இல்லை.

சில சமயம் ஊர் தொலைவில் இருப்பதால் மட்டும் செய்தி வராமல் போவதில்லை, மறைக்கவும் படும். 1952 நவம்பர் 5 விடியலுக்கு முன் கம்சட்கா கடலோரத்தில் 9.0 அளவில் நிலநடுக்கம். பரமுஷிர் தீவின் செவரோ-குரில்ஸ்க் மீன்பிடி நகரத்தில் மக்கள் முதல் அலைக்குப் பயந்து மேட்டுக்கு ஓடினார்கள். நீர் வடிந்ததும் குளிரில் உடுப்பு எடுக்கவும் உறவுகளைத் தேடவும் கீழே இறங்கினார்கள். அதைவிடப் பெரிய இரண்டாம் அலை அவர்களை வாரிக்கொண்டது. இரண்டாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். அதே அலைகள் ஹவாய் தீவுகளைத் தாக்கியதை உலகம் அறிந்தது. ஒரு நகரம் அழிந்ததைச் சோவியத் அரசு பல பத்தாண்டுகள் வெளியே சொல்லவில்லை. 2025 ஜூலை 30 அன்று அதே கடலோரம் 8.8 அளவில் மீண்டும் நடுங்கியது. அலை செவரோ-குரில்ஸ்க் துறைமுகத்துக்குள் புகுந்தது. இம்முறை சைரன் ஒலித்தது, மக்கள் மேட்டில் இருந்தார்கள், நகரமும் 1952க்குப் பிறகு மேட்டில்தான் கட்டப்பட்டிருந்தது. அலையால் அங்கே யாரும் இறக்கவில்லை.

தொலைதூர இடம் என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்வதை நான் நம்புவதில்லை. அலாஸ்காவின் நடுவில், ஊரே இல்லாத டெனாலி பிளவுக்கோட்டைக் கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று கடக்கிறது. 1970களில் அதை அமைத்த பொறியாளர்கள் தரை இங்கே ஆறு மீட்டர் வரை பக்கவாட்டில் நகரலாம் என்று கணக்கிட்டுக் குழாயைத் தரையில் பூட்டாமல், வளைந்து வளைந்து போகும்படி வைத்து, நீண்ட உத்தரங்களின் மேல் வழுக்கிச் செல்லும்படி விட்டார்கள். 2002 நவம்பர் 3 அன்று 7.9 அளவில் அந்தப் பிளவு 340 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. குழாய்க்கு அடியில் தரை நாலு மீட்டருக்கும் மேல் நகர்ந்தது. குழாய் உத்தரத்தின் மேல் வழுக்கி வளைந்து கொடுத்தது. ஒரு சொட்டு எண்ணெய் சிந்தவில்லை. நிலநடுக்கம் வருவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே யோசித்து வைத்த அதே அக்கறை குனாரின் ஒரு மண்கூரைக்குக் கிடைத்திருந்தால், சுவருக்குள் குறுக்கே சில மரச்சட்டங்களும் மூலைகளில் சில கட்டுகளும் போதுமாக இருந்திருக்கும். காஷ்மீரில் மரச்சட்டங்களுக்கு இடையே கல்லும் மண்ணும் நிரப்பிக் கட்டும் பழைய முறை வீடுகள் 2005 அக்டோபர் 8 நிலநடுக்கத்தில் பக்கத்திலிருந்த புதுக் கட்டடங்களைவிட நன்றாகத் தாங்கின. அதைப் பார்த்து அந்த முறையையே மறுகட்டுமானத்திலும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த அறிவு மலைக்கு வெளியிலிருந்து வந்ததில்லை.

சாரெஸ்

கடைசியாக ஓர் ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1911 பிப்ரவரி 18 அன்று பாமீர் மலைகளில், இன்றைய தஜிகிஸ்தானில், பெரிய நிலநடுக்கம் ஒன்று நடந்தது. முர்காப் ஆற்றின் மேல் சுமார் இரண்டு பில்லியன் கன மீட்டர் பாறை சரிந்தது. உசோய் என்ற கிராமம் அதற்கு அடியில் போனது. பனிமூடிய அந்த மலையிலிருந்து தகவல் ரஷ்யப் படைநிலைகளுக்கு வந்துசேர வாரங்கள் ஆயின. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு அருகே புல்கோவோ வானாய்வகத்தில் இருந்த கருவி அதற்கு முன்பே, அன்றே, அந்த அதிர்வை வரைந்து வைத்திருந்தது.

அந்தக் கருவியைச் செய்த போரிஸ் கலித்சின் பின்னால் சரிவின் விவரங்கள் கிடைத்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அலைகளில் இருந்த ஆற்றலும் மலை விழுந்ததில் இருந்த ஆற்றலும் கிட்டத்தட்ட ஒத்துப்போயின. ஆகவே மலை சரிந்ததால்தான் நிலம் நடுங்கியது என்று 1915இல் எழுதினார். ஹரால்ட் ஜெஃப்ரீஸ், ரிச்சர்ட் ஓல்டம் போன்ற நிலநடுக்க ஆய்வின் பெரும் பெயர்கள் அந்த விவாதத்தில் இறங்கின. விழும் மலையின் ஆற்றலில் மிகச் சிறு பங்குதான் அதிர்வலையாக மாறும் என்பது பின்னர் தெளிவானது. நிலநடுக்கம்தான் மலையைச் சரித்தது. அருகில் பார்த்த சாட்சி புதைந்துபோய், நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு காகிதக் கோடு மட்டும் மிஞ்சியபோது, எது காரணம் எது விளைவு என்பதே தலைகீழாகத் தெரிந்தது மாமேதை கலித்சினுக்கு.

சரிந்த பாறை ஆற்றை மறித்து 567 மீட்டர் உயரத்துக்கு நின்றது. மனிதர்கள் கட்டிய எந்த அணையும் அந்த உயரத்தை இன்றுவரை எட்டவில்லை. பின்னால் ஏறிய நீர் சாரெஸ் என்ற இன்னொரு கிராமத்தை மூழ்கடித்து அதன் பெயரையே எடுத்துக்கொண்டது. ஏரி இப்போது ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் நீளம், ஏறக்குறைய 500 மீட்டர் ஆழம். அணையின் ஊடே கசிந்து வெளியேறும் நீர்தான் கீழே ஆறாக ஓடுகிறது. அதன் உச்சிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் சுமார் ஐம்பது மீட்டர் இருக்கிறது. கரையில் ஒரு பக்க மலை மெல்ல நகர்வதாக ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அது ஒரே தடவையில் ஏரிக்குள் விழுந்தால் எழும் அலை அணையைத் தாண்டும். கீழே பர்தாங் பள்ளத்தாக்கின் ஊர்களில் எச்சரிக்கைக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். எந்த மேட்டுக்கு ஏற வேண்டும் என்பது குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஏரிக்குப் பக்கத்தில் ஆட்கள் தங்கி நீர்மட்டத்தையும் அணையின் கசிவையும் அளக்கிறார்கள், ஒரு நூற்றாண்டுக்கு முன் சில நிமிடம் ஆடிய தரைக்காக, பனிக்காலத்திலும்.